ஒரு கொக்கி, இரண்டு தாவரவியல்

பல்கலைக்கழகப் பெண்கள் சங்கத்தின் முன்னறையில், உள்ளே நுழைந்ததும் இடக்கைப் பக்கம், ஒரு பலகை மாட்டியிருக்கிறது. பலகை நிறைய வரிசையாகப் பித்தளைக் கொக்கிகள். ஓரத்தில் ஒன்றிரண்டு காலி போக, ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு மரவில்லை. வில்லையில் ஆள் பெயர் இருக்காது, துறை இருக்கும். இயற்பியல், வரலாறு, கால்நடை, சட்டம் என்று. சங்கத்தைத் தொடங்கிய பெண்கள் எல்லோரும் பேராசிரியர்களின் மனைவிகள். புருஷனின் பாடத்தைச் சொல்லியே ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். "கால்நடை இன்னும் வரலையா?" என்பார்கள். "சட்டத்துக்கு முழங்கால் வலியாம்" என்பார்கள். காலம் மாறிப் பெண்களே பேராசிரியர்களாக வந்து சேர்ந்தபோதும் அதே பலகை, அதே வில்லை. ஒரே துறையில் இரண்டு பேர் வந்துவிட்டால் பெரிய வேதியியல், சின்ன வேதியியல். வரும்போது வில்லையைத் திருப்பிப் போட வேண்டும். போகும்போது மறுபடி திருப்ப வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இந்தப் பலகையில் 'தாவரவியல்' என்ற வில்லையைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து திருப்பிப் போட்டு வந்தவளை யாரும் தாவரவியல் என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கு ஜவுளி என்று பெயர். அப்பாவும் அண்ணனும் ஜவுளிக்கடைக்காரர்கள். சங்கத்துக்கு வந்த முதல் நாளே ஒரு பேராசிரியர் மனைவியின் மேல்சட்டையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, "இதை என்ன விலைக்கு வாங்கினீங்க? ஐயோ, தலையில கட்டிட்டானே!" என்று சொல்லிவிட்டாள். அன்று விழுந்த பெயர். முதலில் கேலிக்குச் சொன்னார்கள். பழைய துணி விற்பனையை அவள் கையில் கொடுத்த பிறகு அதே பெயர் மரியாதையாகிவிட்டது.

அந்த விற்பனையை வைத்துத்தான் சங்கம் வருஷத்துக்கு ஒரு மாணவியைப் படிக்க வைக்கிறது. முன்பெல்லாம் மேசையில் துணியைக் குவித்துவிட்டு, வாங்க வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டு நிற்பார்களாம். ஜவுளி அதையெல்லாம் தலைகீழாக்கினாள். நல்ல கோட்டு எதுவோ அதைக் கடைசி வரிசையில் மாட்டினாள். அதைத் தேடிப் போகிறவர்கள் மற்றதையெல்லாம் தொட்டுக்கொண்டுதானே போக வேண்டும்? கண்ணாடியைக் கிழக்கு ஜன்னல் ஓரம் வைத்தாள். அந்த வெளிச்சத்தில் யாரும் கொஞ்சம் அழகுதான். "ரெண்டு எடுத்தா குறைச்சுப் போடுறேன்" என்பாள். குறைத்த பிறகு வரும் விலை அவள் முதலிலேயே நினைத்த விலையாக இருக்கும். வருஷம் முழுக்கப் பின்னறையில் துணி பிரிப்பது அவள் வேலை. அப்படியே விற்கக்கூடியது ஒரு குவியல், பொத்தான் வைத்தால் விற்கக்கூடியது ஒரு குவியல், மெக்கானிக் கடைக்குத் துடைக்கக் கொடுப்பது ஒரு குவியல்.

பட்டம் என்று அவளிடம் எதுவும் கிடையாது. படித்தவர்கள் நடுவில் அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு விருந்துகளில் தலையாட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அந்த வளாகத்திலேயே அவளுக்குத் தெரிந்த விஷயத்துக்கு மதிப்பு இருந்த ஓர் இடம் நாப்தலின் வாசனை அடிக்கும் அந்தப் பின்னறை.

இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

தாவரவியல் பேராசிரியர் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, நாம் பிரிந்துவிடலாம் என்று சொன்னார். ஏதோ ஒரு செடிக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள் என்கிற தொனியில் சொன்னார். சண்டை சச்சரவில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். ஜவுளி அண்ணன் கடை மாடிக்குக் குடிவந்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் பஸ் ஏறிச் சங்கத்துக்கு வந்து 'தாவரவியல்' வில்லையைத் திருப்பினாள். பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் பெண்ணோ, வேலை பார்ப்பவரின் மனைவியோதான் சங்கத்தில் இருக்கலாம் என்பது விதி. அவள் இரண்டிலும் சேர்த்தி இல்லை. எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. தாவரவியல் கொக்கிக்கு வேறு யாரும் கேட்டு வராத வரைக்கும் இதைக் கண்டுகொள்ள என்ன அவசியம்?

இந்த வருஷம் கேட்டு வந்துவிட்டார்கள். பேராசிரியர் மறுமணம் செய்துகொண்டார். புது மனைவி ஊரில் பல் டாக்டர். தலைவிக்குப் போன் செய்து, சங்கத்தில் சேரலாமா என்று கேட்டிருக்கிறாள். தலைவி என்ன சொல்வார்? "வருஷாந்திர டீக்கு வாங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

"பெரிய தாவரவியல், சின்ன தாவரவியல்னு வெச்சுக்கலாமே" என்று யோசனை சொன்னாள் சின்ன வேதியியல். நல்ல மனசுக்காரி, பாவம், யோசிக்காமல் பேசுவாள்.

"வெச்சுக்கலாம். அப்படியே பெரிய வீடு, சின்ன வீடுன்னும் பக்கத்துல எழுதிடலாம்" என்றாள் நூலகர். பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டி மேய்ப்பவள். நாள் முழுக்க மற்றவர்களை வாயை மூடச் சொல்லிவிட்டுச் சங்கத்துக்கு வந்து தான் திறப்பாள். ஜவுளியின் தோழி. "ஒரு வாத்தியாருக்கு ஒரு கொக்கிதான். அந்த மனுஷன் செத்துத் தொலைச்சிருந்தாலாவது பரவாயில்ல. விதவைக்குக் கொக்கி உண்டு. விட்டுட்டு ஓடினா கிடையாது."

"அவர் ஓடலை, மெதுவாத்தான் நடந்து போனார்" என்றாள் ஜவுளி, ஒரு சட்டைக்குக் காலர் திருப்பிக்கொண்டே.

டீக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் பின்னறையில் தனியாக இருந்தாள். வாசலில் யாரோ அட்டைப்பெட்டியைத் தள்ளும் சத்தம்.

"உள்ளே யாராவது இருக்கீங்களா? துணி கொண்டு வந்திருக்கேன்."

குட்டை முடி, சிரித்த முகம், மூச்சு வாங்க நின்றாள் ஒருத்தி. ஜவுளி பெட்டியை வாங்கி மேசையில் வைத்துத் திறந்தாள். மேலே இருந்தது பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு. மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தது. பழுப்பு நூல் தீர்ந்துபோன ஒரு காலையில், வகுப்புக்கு நேரமாகிறது என்று அவர் குதித்துக்கொண்டிருக்க, அவளே தைத்தது. அந்தத் துணியை வெட்டிக் கொடுத்தவர் அவள் அண்ணன்.

வந்திருப்பது யார் என்று ஜவுளிக்குப் புரிந்துவிட்டது. வியாபாரி வீட்டுப் பெண். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"நாலு கோட்டு இருக்கு" என்றாள் வந்தவள். "நல்ல துணிதான். அவருக்கு இப்ப சேரல."

"தொப்பையா?"

"அதேதான்! எப்படித் தெரிஞ்சுது?"

"பொத்தான் துளை இழுத்துட்டு நிக்குதே." ஜவுளி கோட்டின் பைகளுக்குள் கையை விட்டாள். "பையைப் பார்த்துட்டுத்தான் வாங்குவோம். சாவி, மோதிரம், ஒரு தடவை பல்செட்டுகூடக் கிடைச்சிருக்கு."

"பல்செட்டா? என்கிட்ட அனுப்பியிருக்கலாமே. ஆளைக் கண்டுபிடிச்சிருப்பேன். நான் பல் டாக்டர்."

ஜவுளியின் கையோடு காய்ந்த இலை ஒன்று வெளியே வந்து மேசையில் நொறுங்கியது.

"ஐயோ, சாரி! துவைக்கப் போடும்போதெல்லாம் இதே கூத்துதான். வாஷிங் மெஷின் தோட்டமா ஆயிடுச்சு."

"உள்பையையும் பார்த்துடுங்க" என்றாள் ஜவுளி. "அதுல விதை இருக்கும்."

பல் டாக்டர் சிரித்தபடியே உள்பையில் கைவிட்டாள். இருந்தது. உள்ளங்கையில் கிடந்த விதைகளைப் பார்த்தாள், ஜவுளியைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கிவிட்டது.

"நீங்க..."

"ஆமா."

"நான் வேணும்னா அப்புறம்..."

"சரக்கு கொண்டு வந்தவங்களை நிக்க வெச்சு அனுப்பற பழக்கம் எங்க வீட்ல கிடையாது. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க."

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் கோட்டுகளைப் பற்றி மட்டும் பேசினார்கள். அது சுலபமாக இருந்தது. கோட்டுகளுக்குக் காது கேட்காது. பிறகு பல் டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்து, "இங்க நல்லா இருக்கு" என்றாள். "என் கிளினிக்ல நாள் முழுக்க வாயைத் திறந்து வெச்சுட்டு இருக்கறவங்களோடதான் இருக்கேன். ஒருத்தராவது பேசணுமே! நான்தான் பேசணும். அவங்க 'ஆ' அப்படிம்பாங்க. வீட்டுக்குப் போனா அவர் செடியைப் பார்த்துட்டு இருப்பார். அதான் ஏதாவது ஒரு இடத்துல சேரலாம்னு."

இந்த இரண்டு வகை அமைதியில் இரண்டாவதை ஜவுளி நன்றாக அறிவாள்.

"நான் இங்க சேர்ந்தா உங்களுக்கு ஏதாவது சங்கடம் உண்டா?" என்று கேட்டாள் பல் டாக்டர். "உண்மையைச் சொல்லுங்க. சொன்னீங்கன்னா விட்டுடறேன்."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு கொக்கிதான் இருக்கிறது, நீ மாட்டினால் நான் இறங்க வேண்டும் என்று ஒரு வரி போதும். கேட்டிருப்பாள் என்றும் தோன்றியது. முகம் அப்படிப்பட்ட முகம். ஆனால் அடுத்தவள் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்து வாங்குவது ஜவுளிக்குக் கட்டுப்படியாகாது.

"எனக்கென்ன சங்கடம்?" என்றாள். "கோட்டு நல்ல துணி. நல்லா போகும்."

அன்று மாலை அந்த வருஷத்துப் பெண் வந்தாள். உதவித்தொகை பெறுகிறவளைச் சங்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கட்டடப் பொறியியல் படிக்கிறவள். வேலைத் தளங்களில் குளிரில் நிற்க வேண்டியிருக்கிறது. விற்பனைக்கு முன்னால் வந்து தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஜவுளி கொண்டு வந்த ஏற்பாடு. பெண்கள் கோட்டு எதுவும் அவளுக்குச் சேரவில்லை. நீச்சல்காரி மாதிரி தோள். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, "பரவால்ல ஆன்ட்டி, ஸ்வெட்டர் இருக்கு" என்றாள். அது போதாது என்பது ஸ்வெட்டரின் முழங்கையைப் பார்த்தாலே தெரிந்தது. ஜவுளி அந்தப் பழுப்புக் கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டாள். தோள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

"நாளைக்கு வா" என்றாள். தையல் மெஷினில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிரித்துப் பிடித்தாள். அந்தக் கறுப்பு நூலையும் பிரித்துப் பழுப்பு நூல் போட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணன் கேட்டார். "என்ன பாப்பா, முகம் தொங்குது?" ஐம்பத்து மூன்று வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

சொன்னாள். அண்ணன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். அண்ணி ரசமான செய்தி என்று தெரிந்து நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"சரக்கைப் பிரிக்கிறது யாரு?" என்றார் அண்ணன்.

"நான்."

"விக்கிறது?"

"நான்."

"அப்ப எதுக்குப் பம்முற? எனக்கு இடம் வேணும்னு கேளு."

"கேட்டு வாங்கற இடம் இல்லண்ணா அது. அங்க யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. ஓட்டு கிடையாது, தேர்தல் கிடையாது. எல்லாம் கெட்டில்ல முடிஞ்சிடும்."

"கெட்டில்லயா?"

விளக்க வேண்டியிருந்தது. வருஷாந்திர டீயில் தலைவி பதவியை விடுவதாக இருந்தால் பெரிய எனாமல் கெட்டிலை மேசை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். யார் எழுந்து அதைத் தூக்கி முதல் கப்பை ஊற்றுகிறாளோ அவள் அடுத்த தலைவி. வேண்டாம் என்று நினைப்பவள் தன் கப்பைக் கையால் மூடலாம். முதல் கப் மூடப்பட்டால் கெட்டில் திரும்பப் போய்விட வேண்டும். யார் எடுப்பது என்பதெல்லாம் முன்னாடியே போனில் பேசி முடிந்திருக்கும். எதையும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைத்தால் சண்டை வரும் என்று முதல் தலைமுறை நினைத்தது. புது வில்லை மாட்டும் உரிமையும் தலைவிக்கு மட்டும்தான்.

"இந்த வருஷம் நான் எடுக்கறதா இருந்துச்சு" என்றாள் ஜவுளி. "இப்ப எல்லாரும் மென்னு முழுங்கறாங்க. கொக்கியே இல்லாதவ எப்படிக் கெட்டிலைத் தூக்குவா?"

"அந்தப் பல் டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடலாமே?" என்றாள் அண்ணி.

"வேண்டாம் அண்ணி. பிச்சை மாதிரி இருக்கும்."

"பிச்சை வேற, கேக்கறது வேற" என்றார் அண்ணன். "அப்பா கடையில உக்காந்திருந்தப்ப எத்தனை பேர் வந்து துணியைத் தடவிப் பார்த்துட்டு விலை கேக்காமலே போயிருக்காங்க? வேணுமா, வேணும்னு சொல்லணும். கேட்டா என்ன, பல்லா கொட்டிடும்?"

"கொட்டினா கட்டறதுக்கு ஆள் வந்தாச்சு" என்றாள் ஜவுளி. அண்ணிக்குப் புரையேறிவிட்டது.

டீ அன்று ஜவுளி எல்லோருக்கும் முன்னால் வந்து வழக்கம்போல் வில்லையைத் திருப்பினாள். இது கடைசித் தடவையாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே திருப்பியதில் வில்லை கை தவறி விழுந்தது. எடுத்து ஊதி மாட்டினாள். நாற்காலி போட்டாள், கப்புகளைத் துடைத்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் அவள் கையைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள் பிடிக்கிற மாதிரி.

பல் டாக்டர் ஒரு கேக்கோடு வந்தாள். யாரோ பலகையைக் காட்டி விளக்கினார்கள். அவள் விரலால் தேடிக்கொண்டே போய், "தாவரவியல்... அட, ஏற்கெனவே திரும்பியிருக்கே? நான் வர்றதுக்குள்ள நான் வந்துட்டேனா?" என்று சிரித்தாள். கூடச் சிரிக்க ஆள் இல்லை. வரலாறு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார்.

நீள மேசை. தலைமாட்டில் கணக்கு மேடம். ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர், பன்னிரண்டு வருஷமாகத் தலைவி. சமையலறை வாசலுக்குப் பக்கத்து நாற்காலி ஜவுளியுடையது. அதற்கு அடுத்து அந்த வருஷத்துப் பெண், பழுப்புக் கோட்டோடு, கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. புது ஆள் என்பதால் பல் டாக்டரை எதிரில் உட்கார வைத்திருந்தார்கள்.

கணக்கு மேடம் எழுந்தார். "என் முழங்கால் இனிமே ஒத்துழைக்காது. அவ்வளவுதான் பேச்சு" என்று சொல்லிக் கெட்டிலை மேசை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். 

ஒருத்தரும் எழவில்லை.

போனில் பேச வேண்டியது பேசப்படவே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. ஜவுளி எடுப்பாளோ என்று பெரிய வேதியியல் நினைத்திருந்தார். நூலகரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று சட்டம் நினைத்திருந்தார். நூலகரோ, ஜவுளியைத் தவிர வேறு எவளாவது தொட்டால் விரலை ஒடிப்பது என்று உட்கார்ந்திருந்தாள். கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது; பிறகு கொஞ்சமாக வந்தது; பிறகு நின்றுவிட்டது. கால்நடை இருமினார். சின்ன வேதியியல் மேசைவிரிப்பின் பூவை நகத்தால் சுரண்டினாள்.

விருந்தாளிக்கு இதைவிடக் கொடுமை உண்டா? எல்லோரும் கெட்டிலையே பார்க்கிறார்கள், யாரும் ஊற்ற மாட்டேன் என்கிறார்கள். வயதானவர்கள், கனமான கெட்டில், தூக்கத் தயங்குகிறார்கள் போலிருக்கிறது என்று பல் டாக்டர் முடிவு கட்டிவிட்டாள். "அட, நீங்கல்லாம் உக்காருங்க, நான் ஊத்தறேன்" என்று எழுந்து, இரண்டு கையாலும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, ஓரத்து நாற்காலியில் இருந்தவளிடம் நின்றாள்.

அந்த நாற்காலியில் ஜவுளி.

அறையில் அத்தனை பேர் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தது. நூலகர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாலேயே கத்தினாள்: மூடு, மூடுடி!

ஜவுளியின் வலது கை கப்புக்கு மேலே போய்விட்டது. மூடிவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கெட்டில் திரும்பிப் போகும். யாராவது பல் டாக்டரின் காதில் விஷயத்தைச் சொல்வார்கள். அவள் முகம் சிவந்து கேக் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மறுபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். மொத்தச் சங்கமும் ஜவுளி பக்கம். கொக்கி அவளுக்கே. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வந்து தாவரவியலைத் திருப்பலாம். தன்னை வேண்டாம் என்று சொன்ன மனுஷனின் பாடத்தை, இன்னும் எத்தனை வருஷமோ, அடுத்தவள் கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு திருப்பலாம்.

நல்ல பேரம்தான். ஆனால் வாங்குகிற சரக்கு என்ன?

பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம். அந்த வருஷத்துப் பெண் காலிக் கப்பைத் தட்டில் வைத்தாள், மறுபடி எடுத்தாள். என்ன நடக்கிறது என்று தெரியாமல், ஆனால் தன்னால்தான் ஏதோ தப்பாகிவிட்டதோ என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஜவுளியையும் கெட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தால் இந்த அறையில் அத்தனை பேரும் கூடியிருப்பது இந்தப் பெண்ணின் கப்புக்காகத்தான். அது இத்தனை நேரமாகக் காலியாக இருக்கிறது.

கை நகர்ந்தது. ஜவுளி கப்பை எடுத்து நீட்டினாள்.

"ஊத்துங்க" என்றாள். "அடுத்து இந்தப் பொண்ணுக்கு."

டீ விழுந்தது. சட்டம் நீளமாக மூச்சு விட்டார். பல் டாக்டர் பெண்ணின் கப்பில் ஊற்றும்போது கோட்டின் காலரைக் கவனித்துவிட்டாள். "இது அவரோட..."

"இப்ப அவளோடது" என்றாள் ஜவுளி.

ஒரு சுற்று முடிந்து கெட்டில் தலைமாட்டுக்கு வந்ததும் கணக்கு மேடம் தொண்டையைக் கனைத்தார். "சரி. முதல் கப்பை மூடல. புதுத் தலைவி புது வில்லை மாட்டிட்டா டீயைக் குடிக்கலாம்."

"ஓ, தலைவி தேர்ந்தெடுத்தாச்சா? யாரு?" என்றாள் பல் டாக்டர் ஆவலாக.

"கெட்டில் யார் கையில இருக்கு?"

பல் டாக்டர் தன் கையைப் பார்த்தாள். பின்னால் திரும்பி வேறு யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தாள். நூலகருக்கு ஆத்திரத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றப் பார்த்தாள், முடியவில்லை.

இதுதான் சமயம் என்று ஜவுளிக்குத் தெரிந்தது. அண்ணன் சொன்னது சரி. தடவிப் பார்த்துவிட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லை. எழுந்து பலகையிடம் போனாள். 'தாவரவியல்' வில்லையைக் கழற்றினாள். அந்தக் கொக்கியைக் காலியாகப் பார்க்க விநோதமாக இருந்தது. திரும்பி வந்து வில்லையைப் பல் டாக்டர் முன்னால் வைத்தாள்.

"இது உங்களோடது."

பிறகு சட்டைப் பையில் கைவிட்டாள். விற்பனைத் துணியில் கட்டுகிற விலை அட்டைகள் அவள் பையில் எப்போதும் நாலைந்து இருக்கும், நூல் கோத்தபடி. ஒன்றை எடுத்து, மேசையிலேயே குனிந்து, பெரிய எழுத்தில் 'ஜவுளி' என்று எழுதினாள். அதையும் வில்லைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னோடது. எனக்கு இங்க இடம் வேணும். யாரோட பெண்டாட்டியாவும் இல்ல, துணி பிரிக்கிறவளா. ரெண்டையும் தலைவிதான் மாட்டணும்."

அந்த அறையில் ஒரு பெண் எழுந்து நின்று எனக்கு வேண்டும் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

"ஆனா... வழக்கப்படி பார்த்தா..." என்று சின்ன வேதியியல் இழுத்தாள்.

"வழக்கப்படி தலைவி மாட்டினா மாட்டினதுதான்" என்றார் கணக்கு மேடம். "வேற வழக்கம் ஏதாவது எங்கயாவது எழுதி வெச்சிருக்கா? இருந்தா கொண்டா, பார்க்கலாம்."

பல் டாக்டர் மரவில்லையைப் பார்த்தாள். காகித அட்டையைப் பார்த்தாள். எதிரில் நிற்கிறவளைப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து தான் கேட்ட கேள்வியும் அதற்கு வந்த பதிலும் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பலகையில் மாட்டினாள். காகித அட்டையை முதலில், ஓரத்தில் காலியாகக் கிடந்த ஒரு கொக்கியில் மாட்டினாள். அட்டை கனமில்லாததால் ஜன்னல் காற்றுக்குத் தானாகவே திரும்பித் திரும்பி ஆடியது.

"விலை போடலையா?" என்று மேசையிலிருந்து குரல் கொடுத்தாள் நூலகர். மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் கேட்டாள்.

"போட்டா நீ குறைச்சுக் கேப்பே."

எல்லோரும் போன பிறகு இருவரும் சமையலறையில் கப் கழுவினார்கள். ஜவுளி கழுவ, பல் டாக்டர் துடைத்தாள். கெட்டில் சமாச்சாரம் முழுவதையும் ஜவுளி சொல்லி முடித்தபோது பல் டாக்டர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ கடவுளே. எனக்கு ஒண்ணுமே தெரியாதே. துணி விக்கறதாவது தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தான் நான் இருக்கேன். நீங்க கையெழுத்துப் போடுங்க, கூட்டத்துல பேசுங்க. பேசத்தானே ஆள் தேடினீங்க?"

"கப்பை மூடியிருக்கலாமே நீங்க."

"மூடியிருக்கலாம்."

"ஏன் மூடல?"

ஜவுளி கெட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் வடியவிட்டாள். சொல்ல நிறைய இருந்தது. அதையெல்லாம் முதல் நாளிலேயே எடுத்து விரித்து வைப்பானேன்?

"தாகமா இருந்துச்சு."

பல் டாக்டர் கடைசிக் கப்பைத் துடைத்து அடுக்கினாள். "ஆனா டீ ஆறிப்போயிருந்ததே" என்றாள்.

"ஆமா" என்றாள் ஜவுளி. "அடுத்த வருஷம் சீக்கிரம் எடுங்க."